உயிரியல் துறையில் இனப் பாகுபாட்டைக் குறைக்க எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: அமெரிக்காவில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தின் உயிரியல் துறையில் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். இனவெறி எதிர்ப்புக்கும் எல்லோரையும் அரவணைத்துச் செல்வதற்கும் என்று துறையில் ஒரு கமிட்டி போட்டு என்னையும் சேர்த்திருக்கிறார்கள். இதுவரை நடந்தது ஓர் அறிக்கையும் ஒரு மணி நேரப் பயிற்சியும்தான். கறுப்பின, லத்தீனோ மாணவர்கள் முதல் வருடத்திலேயே துறையை விட்டுப் போய்விடுகிறார்கள். உருப்படியாக என்ன செய்யலாம்?

பதில்:

போய்விடுகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கிருந்தே தொடங்குங்கள். அவர்கள் எந்த வகுப்பிலிருந்து, எந்த வாரத்தில் போகிறார்கள் என்று துறையில் யாருக்காவது தெரியுமா? பெரும்பாலான துறைகளில் தெரியாது.

யாரும் வாய் திறந்து இனவெறி பேசாத துறையிலும் பாகுபாடு நடக்கும். அது இருக்கும் இடம் எழுதப்படாத வழக்கங்கள். லேபில் இடம் காலி என்ற சேதி யார் காதுக்குப் போகிறது, எந்த மாணவரின் மின்னஞ்சலுக்குப் பதில் போகிறது, எந்த விண்ணப்பத்தைப் பார்த்து "நம்ம துறைக்குப் பொருத்தமானவர்" என்று ஒருவர் சொல்ல மற்றவர்கள் தலையாட்டுகிறார்கள் என்பதற்கெல்லாம் விதியே கிடையாது. விதி இல்லாத இடத்தில் ஏற்கெனவே அறிமுகம் உள்ளவர்கள்தான் முன்னே போவார்கள். இப்படிப்பட்ட வழக்கங்களை ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்து, எழுத்தில் கொண்டுவந்து, எல்லா மாணவருக்கும் பொதுவாக்குவதுதான் கமிட்டியின் வேலை என்பேன்.

கட்டாயப் பயிற்சியில் பெரிய நம்பிக்கை வைக்க வேண்டாம். ஃபிராங்க் டாபின், அலெக்சாண்ட்ரா கலேவ் என்ற இரு சமூகவியலாளர்கள் அமெரிக்க நிறுவனங்களின் பல ஆண்டு விவரங்களை ஆராய்ந்தார்கள். மேலாளர்களைக் கட்டாயப் பயிற்சிக்கு அனுப்பிய இடங்களில் கறுப்பினத்தவரின் பங்கு கூடவில்லை, சில பிரிவுகளில் குறைந்தே போயிருந்தது.

முதலில் கணக்கு. பல்கலைக்கழகத்தில் புள்ளிவிவரம் வைத்திருக்கும் அலுவலகத்திடம் கடந்த ஐந்து ஆண்டுகளுக்கான முதலாண்டு உயிரியல், வேதியியல் பாட விவரங்களை வகுப்புப் பிரிவு வாரியாகவும் இன வாரியாகவும் கேளுங்கள். மூன்று எண்கள் வேண்டும். டி, எஃப் என்ற கடைசித் தரங்களை வாங்கியவர்களும் பாதியில் விலகியவர்களும் சேர்ந்து எத்தனை சதவீதம்; பாடத்தை முடித்தவர்களில் அடுத்த பாடத்தில் சேர்ந்தவர்கள் எத்தனை; பி அல்லது அதற்கு மேல் வாங்கியும் அடுத்த பாடத்தில் சேராதவர்கள் எத்தனை. மூன்றாவது எண்ணை யாரும் கேட்பதில்லை. நல்ல மதிப்பெண் வாங்கிய கறுப்பின மாணவர்கள் அதே மதிப்பெண் வாங்கிய வெள்ளை மாணவர்களைவிட அதிகமாகப் போகிறார்கள் என்றால், "பள்ளிப் படிப்பு பத்தவில்லை" என்ற வழக்கமான விளக்கம் அங்கே நிற்காது. இங்கே தவறு நேரும் இடங்கள் இரண்டு. துறை முழுவதற்கும் சராசரி எடுத்தால் இனங்களுக்கிடையே உள்ள இடைவெளி மறைந்துபோகும். ஒரே பாடத்தின் இரண்டு பிரிவுகளுக்கிடையே பெரிய வித்தியாசம் இருக்கலாம். அடுத்தது, அட்டவணையில் பத்துப் பேருக்குக் குறைவாக உள்ள கட்டங்களை அப்படியே வெளியிட்டால் மாணவர் யாரென்று தெரிந்துவிடும். மாணவர் ஆவணங்களைக் காக்கும் 1974ஆம் ஆண்டுச் சட்டம் குறுக்கே நிற்கும். ஆண்டுகளைச் சேர்த்துக் கூட்டுங்கள். ஆசிரியர் கூட்டத்தில் ஆசிரியர் பெயரோடு எண்களைக் காட்ட வேண்டாம். அவரவர் பிரிவின் கணக்கை அவரவருக்குத் தனியாகக் கொடுத்தால் கேட்பார்கள். சபையில் காட்டினால் சண்டைக்குத்தான் வருவார்கள்.

அடுத்து, இடைவெளிக்குக் காரணம் என்னவென்று ஊகிக்காதீர்கள். யூரி டிரைஸ்மன் 1970களில் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்தபோது, கால்குலஸ் பாடத்தில் கறுப்பின மாணவர்கள் ஏன் தோற்கிறார்கள் என்று ஆசிரியர்களிடம் கேட்டார். ஆர்வம் இல்லை, அடிப்படை பத்தாது, வீட்டில் ஆதரவில்லை, வசதியில்லை என்றார்கள். இருபது கறுப்பின மாணவர்களையும் இருபது சீன வம்சாவளி மாணவர்களையும் கூடவே இருந்து அவர் கவனித்தபோது நான்கு காரணங்களும் பொய்த்தன. கறுப்பின மாணவர்களில் பலர் தங்கள் பள்ளியில் முதலிடம் வாங்கியவர்கள். குடும்பத்தின் முழு ஆதரவோடு வந்தவர்கள். வாரத்துக்கு எட்டு மணி நேரம், ஆசிரியர் சொன்னபடியே, தனியாக உட்கார்ந்து படித்தார்கள். சீன மாணவர்கள் தனியாகப் படித்தது போக மாலையில் கூடி உட்கார்ந்து விடைகளை ஒப்பிட்டார்கள், ஒருவர் தவறை ஒருவர் திருத்தினார்கள், பழைய வினாத்தாள்களைப் போட்டுப் பார்த்தார்கள். ஒரு கணக்கு எல்லோருக்குமே வரவில்லை என்றால் கணக்குதான் கடினம் என்று அவர்களுக்குத் தெரிந்தது. தனியாக இருந்தவர், குறை தன்னிடம்தான் என்று நினைத்துக்கொண்டார்.

டிரைஸ்மன் போட்ட பயிலரங்கில் இரண்டு விஷயங்கள் முக்கியம். பாடத்தைவிடக் கடினமான கணக்குகளைக் கொடுத்தார். குழுவாகப் போட வைத்தார். "பின்தங்கியவர்களுக்கான சிறப்பு வகுப்பு" என்ற பெயரே அதற்குக் கிடையாது, சிறந்தவர்களுக்கான அழைப்பாகவே வைத்தார். இதைப் பார்த்து நடத்தும் பல துறைகள் சறுக்குவது இங்கேதான். கடினமான கணக்கை எடுத்துவிட்டு ஈடுசெய்யும் வகுப்பாக மாற்றிவிடுகிறார்கள். பெயர்ப் பட்டியலைப் பார்த்ததும் எதற்காகக் கூப்பிடுகிறார்கள் என்று மாணவருக்குப் புரிந்துவிடும், வர மாட்டார். மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தின் பால்டிமோர் கவுன்டி வளாகத்தில் ஃப்ரீமன் ரபவ்ஸ்கி 1988இல் தொடங்கிய மேயர்ஹாஃப் திட்டமும் இதே வழியில் போனதுதான்: சேர்க்கைக்கு முன் ஆறு வார கோடை வகுப்பு, குழுப் படிப்பு, ஆரம்பத்திலேயே ஆய்வகம், இறங்காத எதிர்பார்ப்பு. கறுப்பின மாணவர்களுக்காகத் தொடங்கிய அந்தத் திட்டம் 1996இல் எல்லா இனத்தவருக்கும் திறந்துவிடப்பட்டது. அறிவியலில் முனைவர் பட்டம் வரை போகும் கறுப்பின மாணவர்களை உருவாக்குவதில் அது இன்றும் முன்வரிசையில் இருக்கிறது.

உங்கள் முதலாண்டு உயிரியல் வகுப்பில் முந்நூறு பேர் இருப்பார்கள் என்று வைத்துக்கொள்வோம். அங்கே செய்ய வேண்டியது வகுப்பின் அமைப்பை மாற்றுவது. வகுப்புக்கு முன் பத்துப் பதினைந்து நிமிட வாசிப்புக் கேள்விகள், சிறு மதிப்பெண்ணோடு. வகுப்பில் பேச்சைக் குறைத்து, கேள்வி போட்டு, பக்கத்தில் இருப்பவரோடு பேச விட்டு, பிறகு விடை. வகுப்புக்குப் பின் வாராந்திர வினாடி வினா. வட கரோலினாப் பல்கலைக்கழகத்தின் சேப்பல் ஹில் வளாகத்தில் கெல்லி ஹோகன் முதலாண்டு உயிரியலை இப்படி மாற்றியதை அவரும் சாரா எடியும் ஆராய்ந்தபோது, எல்லோருடைய மதிப்பெண்ணும் கூடியது தெரிந்தது. கறுப்பின மாணவர்களுக்கும் வெள்ளை மாணவர்களுக்கும் இருந்த இடைவெளி பாதியானது. முதல் தலைமுறைப் பட்டதாரி மாணவர்களுக்கான இடைவெளி மூடியே விட்டது. அது 2014இல் வெளிவந்த ஆய்வு. 2020இல் எல்லி தியோபால்டும் குழுவினரும் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, தேர்வு மதிப்பெண் இடைவெளி 33 சதவீதமும் தேர்ச்சி விகித இடைவெளி 45 சதவீதமும் குறைந்தது தெரிந்தது. ஆனால் வகுப்பு நேரத்தின் பெரும்பகுதியை மாணவர்களின் செயலுக்கு விட்ட வகுப்புகளில்தான் இந்தக் குறைவு. ஐம்பது நிமிடம் பேசிவிட்டு மாணவர்கள் பொத்தானை அழுத்தி விடை சொல்லும் ஒரு கிளிக்கர் கேள்வி போட்டால் ஒன்றும் நடக்காது. இதைச் சக ஆசிரியர்களிடம் அழுத்திச் சொல்லுங்கள், ஏனென்றால் "நாங்களும் செய்து பார்த்தோம்" என்பவர்கள் பெரும்பாலும் செய்தது அந்த ஒரு கேள்வியைத்தான்.

மதிப்பெண்ணை வகுப்புச் சராசரிக்கு ஏற்ப வளைக்கும் வழக்கத்தை எடுத்துவிடுங்கள். எத்தனைக்கு ஏ, எத்தனைக்கு பி என்பது சிலபஸிலேயே முதல் நாள் இருக்கட்டும். பக்கத்தில் இருப்பவர் நன்றாக எழுதினால் எனக்கு நட்டம் என்ற நிலையில் யாரும் யாரையும் குழுவில் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். குழுக்களையும் மாணவர்கள் கையில் விடாதீர்கள். விட்டால் ஒரே விடுதியில் இருப்பவர்கள் சேர்ந்துவிடுவார்கள், கடைசியில் மிஞ்சுபவர்கள் யார் என்பது உங்களுக்கே தெரியும். முதல் வாரத்தில் ஒரு படிவம் கொடுத்து வேலை நேரம், எங்கே தங்கியிருக்கிறார், வகுப்பில் யாரையாவது தெரியுமா, குழுவில் கூட இருக்க விரும்பும் ஒருவர் யார் என்று கேளுங்கள். அதை வைத்து மூன்று நான்கு பேராகப் பிரியுங்கள். இனத்தைக் கேட்கத் தேவையில்லை, சட்டச் சிக்கலும் இல்லை, ஒருவர் தனியாக மாட்டிக்கொள்வதும் குறையும்.

முதல் தேர்வு முடிந்த வாரம்தான் ஆபத்தான வாரம். குறைந்த மதிப்பெண் வாங்கியவருக்கு ஆசிரியரிடமிருந்து வரும் முதல் சொல் பல பேரின் முடிவைத் தீர்மானிக்கிறது. எலிசபெத் கேனிங்கும் குழுவினரும் 2019இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே பல்கலைக்கழகத்தின் 150 அறிவியல் ஆசிரியர்களையும் அவர்களிடம் படித்த 15,000க்கும் மேற்பட்ட மாணவர்களையும் எடுத்துக்கொண்டார்கள். திறமை பிறவியிலேயே வருவது, மாறாது என்று நம்பிய ஆசிரியர்களின் வகுப்பில் இன இடைவெளி மற்றவர்கள் வகுப்பைப்போல் இரண்டு மடங்கு இருந்தது. ஆகவே "உயிரியல் எல்லோருக்கும் வராது" என்பதும் கூடாது, "பரவாயில்லை, நன்றாகத்தான் முயன்றிருக்கிறீர்கள்" என்ற வெற்று ஆறுதலும் கூடாது. இப்படி எழுதலாம்: "முதல் தேர்வில் 52 வந்திருக்கிறது. மூன்றாம், ஏழாம் கேள்விகளில் வரைபடத்தை வாசித்த விதத்தில்தான் பெரும்பாலான மதிப்பெண் போயிருக்கிறது. இந்த வகுப்பில் எதிர்பார்ப்பு அதிகம். உங்கள் விடைகளைப் பார்த்த வகையில் அதை உங்களால் எட்ட முடியும். வியாழன் மூன்று மணிக்கு அந்த இரண்டு கேள்விகளோடு வாருங்கள்." எதிர்பார்ப்பு, அதை எட்ட முடியும் என்ற உறுதி, அதற்கான வழி மூன்றும் இதில் இருக்கின்றன. குறிப்பிட்ட மதிப்பெண்ணுக்குக் கீழே வாங்கிய எல்லோருக்கும் அனுப்புங்கள், ஆளைப் பார்த்து அனுப்பாதீர்கள்.

லேபில் சேர்ப்பதுதான் துறையிலேயே மிகவும் எழுதப்படாத வழக்கம். கேத்தரின் மில்க்மன், மொடுப்பே அகினோலா, டாலி சக் மூவரும் 259 பல்கலைக்கழகங்களில் 6,500க்கும் மேற்பட்ட பேராசிரியர்களுக்கு ஒரே மின்னஞ்சலை அனுப்பினார்கள். முனைவர் படிப்பில் ஆர்வம், பத்து நிமிடம் பேச முடியுமா என்பதுதான் செய்தி. மாற்றியது கீழே இருந்த பெயரை மட்டுமே. வெள்ளையின ஆண் பெயர்களுக்கு மற்றவர்களைவிட அதிகப் பதில் வந்தது. மற்ற பெயர்களில் இந்தியப் பெயர்களும் இருந்தன. துறையில் பெண்களும் சிறுபான்மையினரும் கூடுதலாக இருந்ததால் மட்டும் இந்த வித்தியாசம் குறைந்துவிடவில்லை என்பதையும் கவனியுங்கள். நல்ல எண்ணமுள்ள நீங்களும் நானும் ஆசிரியராக இருப்பது போதாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

இதற்கு மருந்து எளிது. லேபில் சேர விரும்பும் இளநிலை மாணவர்களுக்குத் துறை இணையதளத்தில் ஒரே படிவம். ஆண்டுக்கு இரண்டு முறை, அறிவித்த தேதிகளில் திறக்கட்டும். எந்த லேபில் எத்தனை இடம், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று எழுதிப் போடுங்கள். சம்பளம் அல்லது பட்டத்துக்குச் சேரும் பாட மதிப்பு (கிரெடிட்), இரண்டில் ஒன்று கட்டாயம். கூலியில்லாமல் "தன்னார்வமாக" வருகிறவரைச் சேர்க்கும் லேபில், கடையில் வாரம் இருபது மணி நேரம் வேலை பார்த்துப் படிக்கிற மாணவருக்கு இடமே இருக்காது. முதுநிலை மாணவர் கருத்தரங்குக்குப் போக விமான டிக்கெட்டைச் சொந்த அட்டையில் வாங்கிவிட்டு இரண்டு மாதம் பணத்துக்குக் காத்திருக்கும் வழக்கமும் இதே வகை. துறையின் அட்டையிலேயே டிக்கெட் போடச் சொல்லுங்கள். ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழகம், கட்டணத்தில் சிறு பாக்கியால் பெயர் நீக்கப்பட இருந்த மாணவர்களைத் தானே கண்டுபிடித்து, விண்ணப்பம் கேட்காமலே பாக்கியைக் கட்டிப் படிப்பில் வைத்துக்கொண்டது. மாணவர் கேட்டு வரும்வரை காத்திருந்தால், கேட்கத் தெரிந்தவருக்குத்தான் உதவி போய்ச் சேரும்.

முனைவர் சேர்க்கைக்கு வருவோம். ஐந்து அளவுகோல்கள், ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம், ஒன்று, இரண்டு என்ற மதிப்பு, எதற்கு இரண்டு என்று ஒரு வரி விளக்கம், ஒவ்வொரு விண்ணப்பத்தையும் தனித்தனியாகப் படிக்கும் இரண்டு பேர். கலந்து பேசுவதற்கு முன் அட்டவணையை நிரப்பிக் கொடுத்துவிட வேண்டும். பேசி முடிவெடுத்துவிட்டுப் பின்னால் எண் போட்டால் அட்டவணை வெறும் அலங்காரம். "ஆராய்ச்சி அனுபவம்" என்பதை எத்தனை கட்டுரை என்று எண்ணாதீர்கள். கிடைத்த வசதியில் எவ்வளவு தூரம் போனார் என்று பாருங்கள். இந்தியாவிலிருந்து வரும் விண்ணப்பங்களுக்கும் இது பொருந்தும். ஐஐடி, ஐஐஎஸ்சி தவிர வேறு பெயர் தெரியாத ஒரு கமிட்டியில், மதுரையிலோ திருநெல்வேலியிலோ ஒரு அரசுக் கல்லூரியில் நன்றாக ஆய்வு செய்த முதல் தலைமுறை மாணவரின் விண்ணப்பம் ஒரு நிமிடத்தில் ஓரமாகப் போய்விடும். அந்தக் கல்லூரியைப் பற்றிச் சொல்ல உங்களால் முடியும், சொல்லுங்கள். சேர்க்கையில் இனத்தையே ஒரு காரணியாக வைப்பது 2023 ஜூன் 29 அன்று உச்ச நீதிமன்றம் ஹார்வர்டு வழக்கில் கொடுத்த தீர்ப்போடு முடிந்துவிட்டது. ஆனால் இனம் தன் வாழ்க்கையை எப்படிப் பாதித்தது, அதை எப்படி எதிர்கொண்டேன் என்று விண்ணப்பதாரர் எழுதினால், அதில் தெரியும் துணிவையும் திறனையும் கணக்கில் எடுக்கலாம் என்று அதே தீர்ப்பு சொல்கிறது.

ஒரு சம்பவம் நடந்தால் என்ன செய்வது என்று லேப் வகுப்பு எடுக்கும் டிஏ (கற்பித்தல் உதவியாளர்) மாணவர்களுக்கு ஆகஸ்டிலேயே சொல்லிக் கொடுங்கள். "உன்னை எல்லாம் கோட்டாவில் சேர்த்தார்கள்" என்று ஒருவர் கறுப்பின மாணவியிடம் சொல்வது டிஏ காதில் விழுகிறது. அந்த இடத்திலேயே, உரத்துக் கத்தாமல், "இந்த லேபில் அப்படிப் பேசக் கூடாது" என்று சொல்ல வேண்டும். பார்க்காததுபோல் போய்விட்டு பிறகு தனியாகக் கண்டிப்பதில் ஒரு சிக்கல் உண்டு: கேட்டுக்கொண்டிருந்த இருபது பேருக்கும் டிஏ மௌனமாக இருந்தது மட்டுமே தெரியும். அன்றைக்கே அந்த மாணவியைத் தனியாகப் பார்த்து, அவர் என்ன விரும்புகிறார் என்று கேட்க வேண்டும். "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்கக் கூடாது, ஏனென்றால் மேலே தெரிவிக்கும் கடமை டிஏவுக்கு இருக்கலாம். தேதி, நேரம், சொன்ன வார்த்தைகள் அப்படியே, கூட இருந்தவர்கள் யார் என்று எழுதி வைக்க வேண்டும். இருவரையும் ஓர் அறையில் உட்காரவைத்துச் சமாதானம் பேசவே கூடாது. 1964ஆம் ஆண்டு குடிமை உரிமைகள் சட்டத்தின் ஆறாம் பிரிவின்கீழ் கூட்டாட்சிக் கல்வித் துறையின் குடிமை உரிமைகள் அலுவலகத்திடம் புகார் கொடுக்க, சம்பவம் நடந்ததிலிருந்து 180 நாள் அவகாசம். துறைக்குள் விசாரணை இழுத்துக்கொண்டே போனால் அந்த நாட்கள் கரைந்துவிடும். இதை மாணவரிடம் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள்.

முனைவர் மாணவர் நிலை இன்னும் மோசம். சம்பளம், சிபாரிசுக் கடிதம், வெளிநாட்டவராக இருந்தால் விசா, எல்லாம் ஒரே நெறியாளரைச் சுற்றி இருக்கிறது. எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர் லேபை விட்டால் படிப்பையும், அதோடு நாட்டையும் விட வேண்டியதாகிவிடும் என்ற பயத்தில் எதையும் சகித்துக்கொள்வார். நெறியாளரை மாற்றிக்கொள்ளும் மாணவருக்கு ஒரு செமஸ்டர் சம்பளத்தைத் துறையே கொடுக்கும், காரணம் கேட்காது என்று ஒரு வரி துறை விதியில் ஏறட்டும். நான் சொல்லும் எல்லாவற்றிலும் இதற்காகத்தான் நீங்கள் அதிகம் போராட வேண்டியிருக்கும். போராடத் தகுந்ததும் இதுதான்.

இந்திய மாணவர்கள் நிறைய இருக்கும் துறை என்றால் சாதியை விட்டுவிடாதீர்கள். முழுப்பெயர் என்ன, சொந்த ஊரில் எந்தத் தெரு, சைவமா அசைவமா என்று வரிசையாகக் கேட்டு ஆளைக் கண்டுபிடிப்பதும், அதன்பின் வாடகை வீட்டில், லேபில், சாப்பாட்டு மேசையில் ஒதுக்குவதும் நடக்கிறது. அமெரிக்கப் பேராசிரியர்களுக்கு இது கண்ணிலேயே படாது. பிராண்டைஸ் பல்கலைக்கழகம் 2019இல் சாதியைத் தன் பாகுபாடு எதிர்ப்பு விதியில் சேர்த்தது. கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழக அமைப்பு 2022இல் சேர்த்தது. உங்கள் பல்கலைக்கழக விதியில் அந்தச் சொல் இருக்கிறதா என்று பாருங்கள்; இல்லையென்றால் கேட்க வேண்டியவர் நீங்கள்தான்.

பாடத்திலும் கை வையுங்கள். அரிவாள் செல் சோகையைக் கறுப்பினத்தவர் நோய் என்று இன்னும் சொல்லித் தருகிறார்கள். மலேரியா பரவிய இடங்களில் நிலைத்த மரபணு மாற்றத்தால் வருவது அது. இந்தியாவில் 1952இல் முதலில் பதிவானது நீலகிரிப் பழங்குடியினரிடம். சிறுநீரகச் செயல்பாட்டைக் கணக்கிடும் சூத்திரத்தில் கறுப்பினத்தவருக்கென்று தனியாக இருந்த பெருக்கல் எண் 2021இல் நீக்கப்பட்டது ஏன் என்பதை ஒரு வகுப்பு முழுக்கப் பேசலாம். அந்த எண் அவர்களின் சிறுநீரகம் உள்ளதைவிட நன்றாக இருப்பதாகக் காட்டியது. அதனால் மாற்றுச் சிறுநீரகப் பட்டியலில் ஏறத் தாமதமானது.

கமிட்டி வேலை முழுவதும் சிறுபான்மை ஆசிரியர்கள் தலையில் விழும், பதவி உயர்வின்போது யாரும் அதை எண்ண மாட்டார்கள். டென்யூர் (நிரந்தரப் பணி உறுதி) கிடைக்கும் முன் நீங்கள் இதை ஏற்பதானால், ஒரு பாடம் குறைவாக எடுக்கும் அனுமதியை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்மொழி உறுதி துறைத் தலைவர் மாறினால் போய்விடும்.

மாநிலச் சட்டத்தையும் பார்க்க வேண்டும். டெக்சஸில் 2024 ஜனவரி 1 முதல் அரசுப் பல்கலைக்கழகங்கள் பன்முகத்தன்மை, எல்லோரையும் அரவணைப்பது ஆகியவற்றுக்கென்று தனி அலுவலகங்களை வைத்திருக்க முடியாது. 2025 தொடக்கத்திலிருந்து கூட்டாட்சி அரசும் இத்தகைய முயற்சிகளை நெருக்குகிறது. நான் சொன்னவற்றில் வகுப்பின் அமைப்பு, நிலையான மதிப்பெண் எல்லை, லேப் படிவம், சேர்க்கை அட்டவணை, நெறியாளர் மாற்று நிதி ஆகியவை எல்லா மாணவருக்கும் பொதுவானவை, யாருடைய இனத்தையும் கேட்காதவை. அலுவலகத்தின் பெயர்ப்பலகையை எடுத்தாலும் இவை நிற்கும். கணக்கு வந்து சேரும் முன்பே, மாற்றங்களில் முதலாவதாக லேப் படிவத்தைக் கையில் எடுங்கள்: அதற்குத் துறைக் கூட்டத்தில் ஒரு வாக்கெடுப்பும் இணையதளத்தில் ஒரு பக்கமும் போதும், இந்தச் செமஸ்டரிலேயே முடித்துவிடலாம்.